செத்தவீட்டு ஓட்டோவும் என் விளம்பர ஆராய்ச்சியும்

நான் ஒரு மடையன். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அடக்கமும் ஒருவகை விளம்பரம்தான் என்று என் ஆராய்ச்சியில் முழு அத்தியாயமே எழுதி வைத்திருக்கிறேன். விளம்பரமும் மக்கள் தொடர்பும் பிரசாரமும் மனிதரை எப்படி மடையராக்குகின்றன என்று ஆராயப் புறப்பட்டவன், ஒரு நீலத் தொப்பிக்கும் ‘சேர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கும் மயங்கி, கூடப்பிறந்த அக்காவின் கரையைப் பறிக்க வந்தவர்களுக்கு முன்னால் நடந்து வழிகாட்டினேன். வழிகாட்டியதோடு நிற்காமல் ஒலிபெருக்கியும் பிடித்துக் கொடுத்தேன். இந்த மடையனைப் பார்க்க விரும்புகிறவர்கள் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கி, சுவரில் ஒட்டிய நோட்டீசைக் கழுத்தைச் சாய்த்து வாசித்துக்கொண்டு நிற்பவர் யாரென்று கேட்டால் போதும், கடலை விற்கிறவர்கூடக் காட்டுவார்.

நான் பாடசாலையில் ஊடகக் கற்கை படிப்பிக்கிறவன். அது போதாதென்று பட்டப்பின் படிப்புக்குப் பதிந்து, துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் விளம்பரங்களை ஆராயத் தொடங்கினேன். வீட்டில் அதற்கு ‘நோட்டீஸ் படிப்பு’ என்று பெயர். மனைவி அயலவர்களுக்குச் சொல்லும்போது ‘ஏதோ படிக்கிறார்’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

ஆராய்வதற்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஒரு ரியூசன் நிலையத்தின் பதாகையில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை சிரிக்கும். அடுத்த சந்தியில், போட்டி ரியூசன் நிலையத்தின் பதாகையில் அதே பிள்ளை அதே சிரிப்போடு நிற்கும். கடற்கரைப் பக்கம் போனால் மூன்றாவது. பிள்ளையின் தகப்பனை மீன் சந்தையில் கண்டு, “மூன்று இடத்திலயுமா படிச்சது?” என்று கேட்டேன். “ஒண்டுக்கும் போகேல்லை. படம் மட்டும் போனது” என்றார், அறுக்குளா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி.

கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைப் பார்த்தால் இன்னும் விசேஷம். செத்தவரின் படம் முத்திரை அளவில் ஒரு மூலையில் இருக்கும். அஞ்சலி செலுத்துகிற அரசியல்வாதி ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பார். ஊருக்குப் புதியவர்கள் செத்தவர் இவர்தான் போலும் என்று நினைத்து இரங்குவார்கள். சிலவேளை மனதுக்குள் நன்றியும் சொல்வார்கள். அதேபோல, தண்ணீர் இல்லாத ஒரு கிணற்றின் முன்னால், அது எந்த நாட்டு மக்களின் அன்பளிப்பு என்று சொல்லும் பலகை கிணற்றைவிடப் பெரிதாக நிற்கிறது. மழை வந்தால் ஆடுகள் அதன் கீழ்தான் ஒதுங்கும். ஆக, அன்பளிப்பு வீண்போகவில்லை.

என் ஆராய்ச்சிக்கு இருந்த ஒரே எதிரி மான்கள். எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் மாடுகளைப்போல வீதியில் திரியும். பசை காய முன்னமே வந்து சுவரொட்டியை உரித்துத் தின்னும். வேட்பாளர், பால்மா, வெளிநாட்டு விசா, வெள்ளைத்தோல் கிறீம் என்று அவை பாகுபாடு பார்ப்பதில்லை. நான் படம் எடுக்க வருவதற்குள் ஆதாரம் வயிற்றுக்குள் போய்விடும். ஒருநாள் காலை, ஒரு வேட்பாளரின் பாதிச் சிரிப்பு வாயிலிருந்து தொங்க, கொம்பு மான் ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்தது. ‘நீ இதைப் படிக்கிறாய், நான் தின்கிறேன். யாருக்கு லாபம்?’ என்று கேட்பதுபோல் இருந்தது.

அக்காவும் ஏறக்குறைய அந்த மானின் கட்சிதான்.

அக்கா நகரத்துக்கு வடக்கே ஒரு மீன்பிடிக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். அவர்களுடையது கரைவலை. தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். பிறகு அதன் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்க வேண்டும். அப்படி இழுப்பதற்கென்று ஒவ்வொரு வலைக்கும் ஒரு துண்டுக் கரை உண்டு. அதைப் பாடு என்பார்கள். பாட்டின் நடுவில் ஒரு கட்டை நட்டாலும் வலை கிழியும், தொழில் முடிந்தது. அத்தானுக்கு முதுகு போனதிலிருந்து வலையையும் இழுக்கிற ஆட்களையும் கட்டி மேய்ப்பது அக்காதான். அவளுடைய குடும்பம் மட்டுமல்ல, அந்தக் கயிற்றைப் பிடிக்கிற அத்தனை வீட்டு உலையும் அந்தத் துண்டு மணலை நம்பித்தான் கொதிக்கிறது.

அந்த அக்காவுக்கு ஒருநாள் என் ஆராய்ச்சியை விளங்கப்படுத்தினேன். “விளம்பரமெண்டால், என்ரை சாமான் நல்லது எண்டு நானே சொல்லுறது. மக்கள் தொடர்பெண்டால், நான் நல்லவன் எண்டு உன்னைக்கொண்டு சொல்ல வைக்கிறது. பிரசாரமெண்டால், நான் சொன்னதை நீயே யோசிச்சுக் கண்டுபிடிச்சமாதிரி உன்னை நினைக்க வைக்கிறது.”

அக்கா கிழிந்த வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மூண்டும் பொய்தானே. பிறகேன் அதுக்கு மூண்டு பேர்?”

“அப்பிடிச் சொல்லேலாது அக்கா, இதில நுணுக்கம் இருக்கு.”

“இருக்கும் இருக்கும். எங்களை ஏமாத்திறவன் எந்தப் பிரிவில படிச்சவன் எண்டு தெரிஞ்சு ஏமாறினா நல்லதுதானே.”

இதைக் குறித்துக்கொண்டேன். ‘கல்வியறிவு குறைந்த பகுதியினரிடம் ஊடக எழுத்தறிவு போதாமை’ என்ற தலைப்பின் கீழ். இப்போது அந்தத் தலைப்பை வாசிக்கும்போது, யாரைப் பற்றி எழுதினேன் என்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து தம்பி ஒருவர் வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத சட்டை, வாசனை, காதில் ஒரு வெள்ளைக் குமிழ். ஒரு ஹோட்டல் கம்பனிக்காக மக்கள் தொடர்பு பார்க்கிறவராம். அக்காவின் கரைப் பக்கம் பெரிய உல்லாச விடுதி ஒன்று வரப்போகிறதாம். அதற்கு மக்களின் மனதைத் தயார்செய்ய வேண்டுமாம். மனதைத் தயார்செய்வது என்று அவர் சொன்ன விதம், கோழிக்கறிக்குக் கோழியைத் தயார்செய்வதுபோல் இருந்தது.

“சேர், இந்த மாவட்டத்திலயே இந்த சப்ஜெக்ட் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க.”

எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ‘எல்லாரும் சொல்கிறார்கள்’ என்பது பிரசாரத்தின் அரிச்சுவடி. நானே வகுப்பில் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த நேரம் எனக்குத் தோன்றியதெல்லாம், அந்த எல்லாரும் எவ்வளவு விவேகமானவர்கள் என்பதுதான்.

என்னை ‘உள்ளூர் ஆலோசகர்’ ஆக்கினார்கள். கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை, தலைக்கு நீலத் தொப்பி. சம்பளம் என்ன என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. பாம்புப் புற்றை ஆராய்கிறவன் புற்றுக்குள்தான் போக வேண்டும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். உள்ளே போனதும் பாம்பு எழும்பிக் கதிரை தந்து தேத்தண்ணியும் ஊற்றினால், ஆராய்ச்சி எங்கே நினைவுக்கு வரும்?

முதல் வேலை, கம்பனியின் ஆங்கில வாசகத்தைத் தமிழாக்குவது. இரவு முழுக்க யோசித்து, என் புலமையெல்லாம் திரட்டிக் கொடுத்தேன்: ‘புதிய அலை உங்கள் கரைக்கு வருகிறது!’ தம்பி கைதட்டினார். கொழும்பிலும் தட்டினார்களாம். சுவரொட்டி அச்சாகி வந்தது. நகரத்தில் ஒட்டியதை மான்கள் அன்றைக்கே தின்றுவிட்டன. அக்காவின் கரையில் மான் இல்லை.

சுவரொட்டிக்கு முன்னால் அக்கா கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சுனாமி அள்ளிப் போட்ட கரை அது. அந்தப் பக்கத்தில் அலை என்ற சொல்லைச் சின்னப்பிள்ளைகூடச் சிரித்துக்கொண்டு சொல்லாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். தொப்பி போட்டதும் மறந்துபோனேன்.

“டேய், கடைசியா வந்த அலை என்ரை வீட்டுக் கதவைக் கொண்டுபோனது. இது எதைக் கொண்டுபோக வருகுதாம்?”

“இது அபிவிருத்தி அலை அக்கா.”

“அதைத்தான் கேட்டனான். எதைக் கொண்டுபோகும்?”

அவள் விரல் சுவரொட்டியின் கீழ்ப்பக்கத்துக்குப் போனது. நீலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மரப்பாலம், பக்கத்தில் தண்ணீரைக் கிழித்துப் பறக்கும் விசைப்படகுகள், அவற்றின் மேல் வெள்ளைக்காரர்கள்.

“உந்தப் பாலம் நிக்கிற இடம் தெரியுதோ உனக்கு? எங்கடை பாடு. அந்தா தெரியிற வளைஞ்ச தென்னையைக்கூட அப்பிடியே கீறி வைச்சிருக்கிறான்.”

“படம்தானே அக்கா. கீறினவனுக்கு என்ன தெரியும்? கூட்டம் வைக்கப்போகினம். நீங்கள் எல்லாரும் வந்து சொல்லலாம். அதுக்குத்தானே கூட்டம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என் தொப்பியைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தம்பிக்குக் கூட்டத்துக்குச் சனம் வேண்டும். அரச அனுமதிக்கு, கரையோர மக்கள் விரும்பி வரவேற்கிறார்கள் என்று காட்ட வேண்டுமாம். சுவரொட்டி பார்த்து எங்கள் ஆட்கள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அப்போது என் மூளையில் ஒரு வெளிச்சம் அடித்தது. ஒரு செய்தியை மக்கள் நம்புவது, அதைச் சொல்கிற குரலை அவர்கள் நம்புவதால்தான் என்று என் ஆராய்ச்சியில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் எல்லாரும் நம்புகிற குரல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மரண அறிவித்தல் ஓட்டோ ஓடுகிற அண்ணருடைய குரல். அவர் சொன்னதை எவரும் சந்தேகித்ததில்லை. அவர் அறிவித்த ஆட்களில் ஒருவர்கூடப் பிறகு எழும்பி வந்து மறுத்ததும் இல்லை.

ஓட்டோவின் கூரையில் முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு ஒலிபெருக்கிக் குழல்கள். முதலில் ஒரு சோகக் குழலிசை வரும், பிறகு அண்ணரின் கனத்த குரல். நான் விசயத்தைச் சொன்னதும் அண்ணர் தலையைச் சொறிந்தார்.

“கூட்டமோ? நான் செத்தவீடு மட்டும்தானே சேர் சொல்லுறனான்.”

“அண்ணை, உங்கடை குரலுக்கு ஒரு கனதி இருக்கு. அதுதான் வேணும்.”

“கனதி இருக்குத்தான். ஆனா பாட்டு மாத்தேலாது. உந்தப் பெட்டிக்குள்ள அது இறுகிப்போய்க் கிடக்கு. போட்டா முதல்ல அதுதான் வரும்.”

“பரவாயில்லை, மெல்லிசைதானே. ஆக்களைக் கவரும்.”

“கவரும் சேர்” என்றார் அண்ணர். “இதுவரை கவராம விட்டதில்லை.”

அவர் பகிடி விட்டாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் விடியப்புறம் ஓட்டோ கரையோர வீதியில் இறங்கியது. எங்கள் ஊர்களில் அந்தக் குழலிசை தொலைவில் கேட்டாலே போதும். தேத்தண்ணி குடிக்கிறவர் கோப்பையை வைப்பார், நடக்கிறவர் நிற்பார், கதிரையில் இருக்கிறவர் எழும்பி நிற்பார். சாவு விழுந்த அன்றைக்குக் கரையில் வலை வளைக்க மாட்டார்கள். கடலில் இறக்க இருந்த தோணியைத் திரும்ப மணலுக்கு இழுத்தார்கள். மத்தியானம் திரும்பியதும் பெண்கள் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றினார்கள். அண்ணர் பாவம், நான் எழுதிக் கொடுத்த அறிவித்தலை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். ஆனால் எந்தச் சாவு வீட்டுக்கும் எங்கே, எப்போது என்ற இரண்டு விசயம்தானே தேவை? பின்னேரம், பொதுமண்டபம். அது எல்லார் காதிலும் ஏறியது. நடுவில் வந்த அபிவிருத்தியை யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டில் செத்த யாருடையதோ பிரேதத்தைக் கொண்டு வருகிறார்கள், அதுதான் மண்டபத்தில் வைக்கிறார்கள் என்று தங்களுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள்.

பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. அத்தனை பேரும் வெள்ளை. ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் வெள்ளைச் சேலை, பூவில்லாத தலை. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சில பெண்கள் வாசலிலேயே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு விம்மத் தொடங்கியிருந்தார்கள். தம்பி என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

“சேர், அன்பிலீவபிள்! எல்லாரும் யூனிபோம்ல வந்திருக்காங்க. எவ்வளவு எமோஷனலா இருக்காங்க பாருங்க!”

நான் வாயைத் திறக்க முன்னம் அக்கா வந்தாள். வெள்ளைச் சேலை, ஈரத் தலை, கையில் மடித்த கைலேஞ்சி. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“நீ உயிரோடதான் நிக்கிறாய். அப்ப ஆர்?”

“ஒருதரும் இல்லை அக்கா. இது கூட்டம்.”

“என்ன கூட்டம்?”

“நான் சொன்ன கூட்டம். ஹோட்டல் கூட்டம்.”

அக்கா பிடித்த கையை விட்டாள். விம்மிக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். “இண்டைக்குச் செத்தவன் நீதான்” என்றுவிட்டு உள்ளே போனாள்.

விசயம் தெரிந்த பிறகும் ஏன் ஒருவரும் எழும்பிப் போகவில்லை என்று கேட்கலாம். செத்தவீட்டுக்கு வந்துவிட்டு உடனே எழும்பிப் போவது எங்களிடம் மரியாதையில்லை. விசயம் விளங்கியவர்கள் வெட்கத்தில் எழும்பாமல் இருந்தார்கள். விளங்காதவர்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பிரேதத்துக்காகக் காத்திருந்தார்கள். தம்பி திரையில் படம் காட்டினார். நீலக் கடல், பாலம், விசைப்படகு. முன்வரிசைக் கிழவர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, “எத்தினை மணிக்கு எடுக்கினம்?” என்று கேட்டார். கேள்வி நேரம் என்று ஒன்று நிகழ்ச்சியில் இருந்தது. அக்கா எழும்பி வாய் திறந்தபோது பணிசும் தேத்தண்ணியும் வந்தன, கேள்வி நேரம் போனது. இதற்கிடையில் தம்பியின் ஆள் எல்லா மூலையிலிருந்தும் படம் எடுத்து முடித்திருந்தான்.

சில நாளில் அந்தப் படம் எல்லா இடத்திலும் வந்தது. போன்களில் வந்தது, பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு வந்தது. ‘பாரம்பரிய வெண்ணிற ஆடையில் திரண்டு, ஆனந்தக் கண்ணீருடன் திட்டத்தை வரவேற்ற கரையோர மக்கள்.’ ஆனந்தக் கண்ணீர்! வாசித்தபோது எனக்கு வந்ததும் ஏதோ ஒரு கண்ணீர்தான். படத்தின் நடுவில் அக்கா, கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தபடி. ஓரத்தில் நான், தொப்பியோடு, பெண் வீட்டுக்காரன்போல் இளித்துக்கொண்டு.

அக்கா பத்திரிகையை என் முன்னால் மேசையில் வைத்தாள். “பெரியவர் விசாரணை வைக்கிறாராம். இந்தப் படத்தைக் காட்டித்தான் பாலத்துக்கு அனுமதி கேக்கினமாம். இதில அழுதுகொண்டு நிக்கிறது நான். நான் வேண்டாம் எண்டு சொன்னா ஆர் நம்புவான்?” பெரியவர் என்று அவள் சொன்னது கரையோர அனுமதிகளைத் தீர்மானிக்கிற அரச அதிகாரியை.

எனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் காட்டினேன். மறுப்பு ஒன்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்கள் போடவில்லை. அதே பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுவதும் அந்தக் கம்பனியின் விளம்பரம் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். இதைப் பற்றியும் என் ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயம் உண்டு, நல்ல மேற்கோள்களுடன். எழுதியவனுக்கு உதவாத அத்தியாயம். முகநூலில் போட்டேன். என் மாணவர்கள் சிலர் இதயம் போட்டார்கள். ஒருவன் ‘தொப்பி வடிவு சேர்’ என்று எழுதினான்.

விசாரணை நாள் வந்தது. நகரத்தில், அதிகாரியின் அலுவலகக் கூட்ட அறை. கரைச் சனத்தில் பாதிப் பேர் குச்சவெளி பஸ்ஸில் வந்தார்கள். நடக்க ஏலாத இரண்டு கிழவிகளோடு அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினாள். பார்த்தால் அதே ஓட்டோ, அதே அண்ணர், கூரையில் அதே குழல்கள். “வேறை ஓட்டோ கிடைக்கேல்லை” என்றாள். அண்ணர் படலையடியில் வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டார்.

உள்ளே தம்பி படத்தைப் பெரிதாகத் திரையில் போட்டார். அதிகாரி எங்கள் பக்கத்து மனிதர்தான், தமிழர், கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“இதில நிக்கிறது நீங்கள்தானே அம்மா?”

“ஓம்.”

“அப்ப, அண்டைக்குச் சந்தோசமாய் வரவேற்றிட்டு இண்டைக்கு வேண்டாம் எண்டுறியள்?”

“செத்தவீடு எண்டு நினைச்சுப் போனனாங்கள் ஐயா.”

தம்பி மெல்லச் சிரித்தார். “சேர், அது எப்படிங்க? ஊரே சேர்ந்து மிஸ்டேக் பண்ணுமா? எனவுன்ஸ்மென்ட்ல கூட்டம்னு தெளிவா சொல்லியிருக்கு. எழுதினதே இவங்க தம்பிதான்.” என்னைக் கையால் காட்டினார். “சேர், நீங்களே சொல்லுங்க. நீங்க எழுதினதில சாவுன்னு ஒரு வார்த்தை இருக்கா?”

அறை முழுக்க என்னைப் பார்த்தது. இல்லைதான், ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதிய அறிவித்தல் அப்பழுக்கில்லாதது. அப்பழுக்கில்லாத உண்மையைச் சொல்லிச் சனத்தை ஏமாற்றிய முதல் மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும். விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ‘தொடர்பாடலில் தொனியின் பங்கு’ என்று என் வாய் தன்பாட்டில் தொடங்கியது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் நிறுத்தினேன். “ஒரு நிமிசம் ஐயா” என்றுவிட்டு வெளியே ஓடினேன். செருப்பு ஒன்று படியிலேயே கழன்று போனது.

“அண்ணை, பாட்டைப் போடுங்கோ.”

“ஆர் செத்தது?” அண்ணர் வெற்றிலையைத் துப்பினார்.

“நான்தான். கெதியாப் போடுங்கோ.”

அண்ணர் மேலும் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர். பொத்தானை அழுத்தினார். அந்தக் குழல் இழுத்து, விம்மி, ஏறியது. நான் ஒற்றைச் செருப்போடு திரும்பி ஓடி, கூட்ட அறையின் கதவைத் திறந்தேன்.

எல்லாரும் எழும்பி நின்றார்கள். கரைச் சனம், எழுதுவினைஞர்கள், தேத்தண்ணி கொண்டு வந்த பெண் தட்டோடு, எல்லாரும். அதிகாரியும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பிக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கொழும்புத் தம்பி மட்டும், என்ன நடக்கிறதென்று தெரியாமல், கால்மேல் கால் போட்டு இருந்தார்.

“ஆர் மோசம் போனது?” என்று அதிகாரி மெல்லிய குரலில் கேட்டார்.

பாட்டு முடிந்தது. வெளியே அண்ணர் தொண்டையைச் செருமிவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் ஒலிபெருக்கியில், “சேர், ஆற்றை பேர் சொல்லுறது?” என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அது அறை முழுக்கப் பரவியது.

அதிகாரி தான் நிற்பதை அப்போதுதான் கவனித்தார். மெதுவாகக் கதிரையில் இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைத் திரும்பவும் பார்த்தார். இந்த முறை அவர் பார்த்தது பூவில்லாத தலைகளை, ஈரக் கூந்தலை, கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற பெண்களை.

“தம்பி” என்றார் கொழும்பாரிடம், “எங்கடை ஊரில இப்பிடி உடுத்துக்கொண்டு ஆரையும் வரவேற்கிறேல்லை. அனுப்பி வைக்கிறதுதான்.”

வலை இழுக்கிற பாட்டில் பாலத்துக்கு அனுமதி இல்லை என்று அங்கேயே சொன்னார். கம்பனி வேறு இடம் பார்க்கட்டும் என்றார். தம்பி மடிக்கணினியை மூடினார். போகும்போது என் காதருகில் வந்து, “சேர், அந்த சவுண்ட் ஐடியா சூப்பர். அடுத்த புரொஜெக்டுக்குக் கோல் பண்றேன்” என்றார். அவமானப்படவும் ஒரு பயிற்சி வேண்டும் போலிருக்கிறது. மக்கள் தொடர்புக்காரருக்கு அது பாடத்திட்டத்திலேயே இல்லை.

மறுநாள் விடிய அக்காவின் கரைக்குப் போனேன். தோணி வலையை வளைத்துவிட்டு வந்திருந்தது. இரண்டு கூட்டமும் குதிக்காலை மணலில் புதைத்துக் கயிற்றில் சாய்ந்து நின்றார்கள். அக்காவின் பக்கத்தில் ஆள் குறைவு. சுவரில் என் ‘புதிய அலை’ பாதி உரிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வரும் வழியெல்லாம் ஒரு யோசனை என் தலைக்குள் கிடந்து துள்ளியது. எனக்குத் திருந்துகிற உத்தேசமே இல்லை என்பது உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும்.

“அக்கா, இதை இப்பிடியே விடக்கூடாது. சந்தியில ஒரு பெரிய பதாகை கட்டுவம். நடுவில உங்கடை படம். கீழ நல்ல வசனம் ஒண்டு நான் எழுதித் தாறன். ‘கரை காத்த…’”

“கதைச்சது காணும், கயித்தைப் பிடி.”